கிண்ணத்தில் ஏறி வந்தவன்

கடலில் போனவர்களின் ஆவியை அழைக்கும் ஓக்சன் அம்மாள் கரையில் கால் வைத்த பிறகுதான் மூடுபனி இறங்கியது. அதை நல்ல சகுனம் என்று தென்கடல் தீவான முரங்தோவில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். கோடைத் தொடக்கத்தில் அந்தத் தீவைப் பனி பிடித்துக்கொண்டால் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. படகு வராது, மண்ணெண்ணெய் வராது, மருந்து வராது. பத்துப் பன்னிரண்டு கூரைகளும் ஒரு குன்றும் ஒரு கிணறும் உலகத்தை விட்டுக் கழன்று போனதுபோல வெள்ளைக்குள் கிடக்கும். கரை எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

இன்சுக் படகுத்துறையில் நின்று அம்மாளின் மூட்டையை வாங்கிக்கொண்டாள். உள்ளே சடங்கில் அடிக்கும் வெண்கலத் தட்டு ஒன்று முனகியது. அம்மாளின் அக்குளில் கால் கட்டிய சேவல் ஒன்று கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

"நீதான் கடல்ல போனவன் பொண்டாட்டியா?"

"ஆமாம்மா."

"சின்னப் பொண்ணா இருக்கியே. சாப்டியா?"

"அத்தை சாப்டாம நான் எப்படி..."

"அப்ப ரெண்டு பேரும் பட்டினி. நல்ல வீடாப் பாத்துதான் வந்திருக்கேன். எனக்காவது ஏதாச்சும் வேக வச்சிருக்கியா?"

இன்சுக் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள். சிரித்தது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

வீடு சரிவின் உச்சியில் இருந்தது. காற்றுக்குப் பயந்து கூரை விளிம்பு வரை கல்சுவர் எழுப்பி, வைக்கோல் கூரையைக் கயிற்றால் வலைபோலக் கட்டிப்போட்ட பழைய வீடு. உள்ளறையில் இன்சுக்கின் கணவன் கிச்சோலின் தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பின்பாறையில் கடற்பாசி அறுத்துக்கொண்டிருந்த மகனை வசந்த காலத்து அலை ஒன்று தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அவள் கரண்டியைத் தொடவில்லை. இன்சுக் உதட்டை ஈரப்படுத்தினால் வாற்கோதுமைக் கஞ்சித் தண்ணீர் இரண்டு மடக்கு இறங்கும். அவ்வளவுதான்.

"என் பிள்ளை தண்ணிக்குள்ள பசியோட கெடக்கான். அவன் வந்து சாப்பாட்டுக்கு உக்காரட்டும், நானும் உக்கார்றேன்" என்பதே அவளுடைய ஒரே பேச்சு.

இன்சுக்குக்குப் பிறந்த வீடு என்று ஒன்று கிடையாது. வாண்டோ தீவில் யார் யார் வீட்டிலோ வளர்ந்து, மணமாகி இங்கே வந்தவள். முதல் குழந்தை கண் திறக்காமலே போனபோது, பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் கடற்பாசிச் சூப்பை ஒரு வேளைகூடக் குறைக்காமல் காய்ச்சிக் கொடுத்தவள் இந்த மாமியார். 'பிள்ளை இல்லேன்னா என்ன, நீ பெத்தவதான், குடி' என்று தலையைப் பிடித்துக்கொண்டு ஊட்டியவள். கணவனைக் கடல் எடுத்துக்கொண்டது. இவளையும் விட்டுவிட்டால் இன்சுக்குக்கு உலகத்தில் 'சாப்டியா' என்று கேட்க ஒருவரும் இல்லை.

மறுநாள் காலையில் பனி சற்றே மெலிந்தது. கிச்சோலின் கூட்டாளி டோக்மான் படகைத் தள்ளினான். பக்கத்து வீட்டு மால்லே வெண்கலத் தட்டை அடிக்க வந்தாள். மாமியாரை டோக்மான் முதுகில் சுமந்து இறக்கினான்.

"பெரியம்மா, காய்ஞ்ச மீனு மாதிரி ஆயிட்டீங்க. தூக்கினதே தெரியலை" என்றான்.



கடலில் போனவன் தானாகக் கரையேற மாட்டான். யாராவது பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பிடித்து ஏற ஏதாவது கொடுக்க வேண்டும். பித்தளைக் கிண்ணம் நிறைய அரிசியை நிரப்பி, வெள்ளைத் துணியால் இறுகக் கட்டி, நீளமான பருத்தித் துணியின் நுனியில் முடிந்து ஆள் போன இடத்தில் இறக்குவார்கள். அழைத்து முடித்துத் தூக்கிப் பிரிக்கும்போது அரிசியில் ஒரு முடி இருக்க வேண்டும். முடி இருந்தால் ஆள் வந்துவிட்டான்.

முதல் தடவை அரிசி வெள்ளையாக வந்தது.

இரண்டாம் தடவையும் அப்படியே.

ஓக்சன் அம்மாள் சேவலின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "இன்னொரு தடவைதான்" என்றாள். "அதுலயும் வரலைன்னா அவன் வேற எங்கயோ போயிட்டான்னு அர்த்தம். அதுக்கு மேல கூப்பிடக் கூடாது. விடாம கூப்பிட்டா, கூப்பிடாதது வரும்."

மாமியார் படகின் அடிப்பலகையில் சாய்ந்து கன்னத்தை ஈர மரத்தில் வைத்துக்கொண்டாள். "அப்ப என்னையும் இங்கயே இறக்கிட்டுப் போங்க" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. கடைக்குப் போகிறவர்களிடம் ஏதோ வாங்கி வரச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

இன்சுக்கின் இடது உள்ளங்கையில் ஒரு முடி இருந்தது. கிச்சோலின் குளிர்காலத் தொப்பியிலிருந்து புறப்படும் முன்பு எடுத்தது. எதற்காக எடுத்தாள் என்று அவளையே கேட்டிருந்தால், வெறும் ஞாபகத்துக்கு என்று சொல்லியிருப்பாள்.

சேவல் பலியாகக் கடலில் விழுந்தது. ஓக்சன் அம்மாளின் குரல் பனிக்குள் போய்த் திரும்பி வந்தது. 'கிச்சோல், ஏறி வா. அம்மா வந்திருக்கா, ஏறி வா.' மூன்றாம் முறை துணியை இழுக்க வேண்டியவள் மனைவி. இன்சுக் இழுத்தாள். முன்பு இல்லாத பாரம்.

"அடியில எங்கயாவது மாட்டிக்கிச்சா அண்ணி?" என்றான் டோக்மான்.

"இல்ல. வருது."

மூட்டை விளிம்பைத் தாண்டியதும் மார்போடு அணைத்துக்கொண்டாள். துணி மடிப்புக்குள் ஒரு விரல் நுழைந்து வெளியே வந்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓக்சன் அம்மாள் கட்டை அவிழ்த்தாள். இரண்டு நகங்களுக்கு நடுவே ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மால்லேயின் தட்டு நின்றது.

"வந்துட்டியா?" என்று மாமியார் எழுந்து உட்கார்ந்தாள். யாரும் தூக்கிவிடவில்லை; தானே உட்கார்ந்தாள்.

ஓக்சன் அம்மாள் மட்டும் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு முடியைக் காகிதப் பெட்டிக்குள் வைத்தாள்.

கரையேற்றிய ஆவியைக் கழுவி, வழி சொல்லி அனுப்பிவிட வேண்டும். வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அதற்கு மேளக்காரர்கள் வேண்டும். அடுத்த படகில் அழைத்து வருகிறேன் என்றாள் அம்மாள். அதுவரை பெட்டியைத் தன்னோடு கொண்டுபோகவா என்றும் கேட்டாள்.

"வந்த பிள்ளையை வாசல்லயே திருப்பி அனுப்புவியா நீ?" என்றாள் மாமியார். "ரெண்டு வேளை என் கையால சாப்பிடட்டும்."

அம்மாள் இன்சுக்கைப் பார்த்தாள். இன்சுக் கீழே பார்த்தாள்.

பனியின் இடைவெளியைப் பிடித்து அம்மாளின் படகு மதியமே புறப்பட்டுவிட்டது. அது போனதும் இடைவெளி மூடிக்கொண்டது.

மாமியார் இரவுச் சோறு கேட்டாள். இன்சுக் ஓடினாள். சோற்றுக்கு அரிசி தேடி, அந்தக் கிண்ணத்து அரிசியையே பானையில் கொட்டிக் களைந்தாள். நெஞ்சுக்குள் ஒரு பாறை கரைந்து போவதுபோல இருந்தது. பொய்தான். ஆனால் ஓர் உயிரைக் கரையேற்றிய பொய். கிச்சோல் இருந்திருந்தால் அவனும் இதைத்தான் செய்திருப்பான்.

விரலில் ஏதோ ஒட்டியது.

கட்டை முடி. ஆண்பிள்ளைத் தலைமுடி, தொப்பிக்குள் மடங்கிக் கிடந்த அதே வளைவோடு.

அவள் வைத்த முடி அரிசியிலேயேதான் இருந்தது.

ஓக்சன் அம்மாள் எடுத்துக் காட்டியது கொஞ்சம் நீளமாக இருந்ததே என்று இன்சுக்குக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

உள்ளறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "ரெண்டு கரண்டி கொண்டா."

அன்றிலிருந்து கிழவி சாப்பிட்டாள். சோறும் சோயா விழுதுக் குழம்பும் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயும் சாப்பிட்டாள். மகனுக்கு என்று எதிரே இன்னொரு சாப்பாடு வைத்தாள். ஊரே வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போனது. மால்லே ஒரு கருவாட்டுக் கட்டைக் கொண்டுவந்து போட்டு, "செத்தும் அம்மாவுக்கு ஊட்டுறான் பாரு. என் வீட்லயும் ஒண்ணு இருக்கு, உசிரோட இருந்துக்கிட்டு என் சோத்தைத் திங்குது" என்றாள். மாமியார் சிரித்தாள்.

இன்சுக் சிரிக்கவில்லை. அவள் இப்போது எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளறையின் வாசனை மாறிவிட்டது. மீன் நாற்றமோ பாசி நாற்றமோ அல்ல. அவை அந்த வீட்டுக்குப் பழகியவை. இது நங்கூரம் தூக்கும்போது அதன் நகத்தில் ஒட்டி வரும் அடிச்சேற்றின் வாசனை. வெயில் ஒருநாளும் படாத இடத்து மண். அடுப்புச் சூடு தரைக்கு அடியில் ஓடியும் எண்ணெய்க் காகிதம் ஒட்டிய தரை ஒரே ஒரு இடத்தில் குளிர்ந்து கிடந்தது. துடைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஈரமாகும்.

கிச்சோல் இடக்கைக்காரன். இன்சுக் பழக்கத்தில் கரண்டியை இடப்பக்கம் வைப்பாள். தட்டை எடுக்க வரும்போது அது வலப்பக்கம் இருக்கும்.

சோறு குறையாது. ஆனால் கோழிக்குப் போட்டால் கோழி விலகிப் போகும். ஒரு பருக்கையை வாயில் வைத்துப் பார்த்தாள். கடல் தண்ணீரில் ஊறிய உப்பு. நாக்கிலிருந்து அது அன்று முழுதும் போகவில்லை.

காலையில் காகிதக் கதவுக்கு வெளியே நின்றால் பேச்சுக் கேட்கும். மாமியார் ஏதோ கேட்பாள். பதில் சொல்லும் அளவுக்கு ஓர் அமைதி. பிறகு மாமியார், "அப்படியா, பாவம்" என்பாள். கதவில் ஒரே ஒரு நிழல்தான் விழும்.

மூச்சு இரண்டு கேட்கும்.

ஒன்று கிழவியினுடையது. மற்றது ஒவ்வொரு முறையும் ஈரமான எதையோ விலக்கிக்கொண்டு உள்ளே போய், அதை விலக்கிக்கொண்டே வெளியே வரும்.

ஒருநாள் அது பேசியது.

"அம்மா, குளிருது."

வடக்குக்காரர்களின் இழுப்பு அந்தப் பேச்சில் இருந்தது. தென்கடல் தீவுகளில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். இன்சுக்கின் கையிலிருந்த தட்டில் கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. உள்ளே மூச்சு நின்றது. அதுவும் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"வச்சிட்டுப் போம்மா. கூச்சப்படுறான்" என்றாள் மாமியார்.

சாப்பிட்டும் கிழவி தேறவில்லை. உடம்பு ஊதிக்கொண்டே போனது. விரல் நுனிகள் நெடுநேரம் மூழ்கி எழுந்தவளுடையதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன. தலை வாரிவிடும்போது கூந்தலின் அடி ஈரமாக இருந்தது. இருமினால் தெளிந்த தண்ணீர் வந்தது. இன்சுக் அதைத் துடைத்த துணியை முகர்ந்து பார்த்தாள், அப்புறம் முகரவில்லை. பனி விலகவில்லை. அவள் தினமும் துறைக்குப் போய்ப் படகுச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஓக்சன் அம்மாள் வந்தால் காலில் விழலாம். யாரும் வரவில்லை.

ஒருநாள் துறையில் வந்தவன் டோக்மான்தான். முழங்கால் வரை நனைந்திருந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அண்ணி. கொஞ்சம் பின்பாறைப் பக்கம் வர முடியுமா?"

"எதுக்கு?"

"வாங்களேன்."

பாறை இடுக்கில் ஓர் உடலைக் கடல் அடைத்து வைத்திருந்தது. முகம் என்று எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையின் முழங்கையில் சிவப்பு நூலால் போட்ட தையல் இருந்தது. சாம்பல் நூல் தீர்ந்துபோய், இன்சுக் திட்டிக்கொண்டே போட்ட தையல். 'யார் பாக்கப் போறா' என்று கிச்சோல் அன்று சொன்னான்.

அவள் அந்தத் தையலின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடல் ஏறத் தொடங்கும் வரை டோக்மான் அவளை எழுப்பவில்லை.

"இத்தன நாளா இங்கயேதான் கெடந்திருக்கான்" என்றான். "நாம கூப்பிட்ட எடத்துக்குப் பக்கத்துலயே. ஏன் அண்ணி ஏறி வரலை?"

பின்னால் வந்து நின்ற மால்லே வாயைத் துணியால் மூடிக்கொண்டாள். பிறகு இன்சுக்கின் காதருகே குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப உங்க வீட்ல இருக்கிறது யாரு?"

கடலில் போனவனை முரங்தோவில் உடனே மண்ணுக்குள் வைப்பதில்லை. சரிவில் கல் அடுக்கி, அதன்மேல் கிடத்தி, வைக்கோல் கூரை வேய்ந்து விடுவார்கள். எலும்பு சுத்தமாகக் காய்ந்த பிறகுதான் மண். தூரத்திலிருந்து பார்த்தால் சின்னஞ்சிறு வீடுபோலத் தெரியும். கிச்சோலுக்கு அந்த வீட்டைக் கட்டி முடிக்கும் வரை தாய் வரவில்லை. டோக்மான் போய்க் கூப்பிட்டதற்கு, "யாரோட பொணத்தையோ வச்சிக்கிட்டு என்னை ஏன் கூப்பிடுறீங்க? என் பிள்ளை வீட்ல தூங்குறான். சத்தம் போடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இன்சுக் சரிவிலிருந்து நேராக உள்ளறைக்குப் போனாள். வைக்கோல் தூசு ஒட்டிய உடையோடு மண்டியிட்டுத் தலை தரையைத் தொட விழுந்தாள். தரை குளிர்ந்தது.

"அத்தை, நான் பொய் சொன்னேன். மூணாவது தடவையும் அவர் வரலை. நான்தான் தொப்பியிலேருந்து முடி எடுத்துட்டுப் போய் அரிசியில வச்சேன். நீங்க செத்துருவீங்கன்னு பயந்து வச்சேன். வந்தது அவர் இல்ல அத்தை. அவரைத்தான் இப்ப சரிவுல படுக்க வச்சிட்டு வர்றேன்."

 மாமியாரின் வெளுத்த கை இன்சுக்கின் தலைமேல் வந்தது. கூந்தலில் ஒட்டியிருந்த ஒரு வைக்கோலை எடுத்துப் போட்டது.

"நீ விரலை உள்ள விட்டதை நான் பாத்தேன்டி" என்றாள்.

இன்சுக் தலையைத் தூக்கினாள்.

"படகுல கீழ சாஞ்சுதான கெடந்தேன். அங்கிருந்து நல்லாத் தெரிஞ்சுது. அடிப்பாவி, எனக்காக சாமியையே ஏமாத்துறாளேன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் எந்திரிச்சு உக்காந்தேன். உனக்காகத்தான் அன்னிக்கு சோறு கேட்டேன். இவன் வந்தது அதுக்கப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"அவர் இல்லேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"என் பிள்ளை எந்தக் கையால சாப்பிடுவான்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அத்தை..."

"எந்தக் காலத்துலயோ போனவன். எந்த ஊரோ. ஒரு ஆளு கூப்பிடலை, ஒரு வாய் சோறு வைக்கலை. நாம கூப்பிட்டது அவன் பேரு இல்லேன்னு அவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏறி வந்துட்டான். அவ்வளவு குளிரு." கிழவி இருமினாள். தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "என் பிள்ளைக்கு நீ இருக்க. இப்ப தரையும் கெடச்சிருச்சு. இவனை நான் எங்கடி போகச் சொல்லுவேன்?"

"உங்களைக் கொல்றான் அத்தை. உங்க கையைப் பாருங்க. உங்களுக்குள்ள தண்ணி ஏறுது."

"தெரிஞ்சு செய்யலை. குளிருக்கு ஒட்டி ஒட்டிப் படுக்கிறான், அவ்வளவுதான்."

அப்போது அறையின் மூலையில், ஈரமான அந்த இடத்தில், யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

இன்சுக் எழுந்தாள். அலமாரி மேல் இருந்த காகிதப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் மாமியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதுவரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் நிற்கவில்லை. கூப்பிட்டவள்தான் அனுப்ப வேண்டும் என்றால் அனுப்பிவிடுவாள். எங்கே கல், எங்கே படி என்று தெரியாத வெள்ளைக்குள் சறுக்கி விழுந்து, எழுந்து, துறையின் நுனி வரைக்கும் போனாள். முழங்கால் ரத்தம் உப்புத் தண்ணீரில் எரிந்தது.

"போயிடு" என்றாள். "உன் பேரு எனக்குத் தெரியாது. நான் தப்பாக் கூப்பிட்டுட்டேன். உன்னைக் கும்பிடுறேன், போயிடு. எனக்கு அவங்களைத் தவிர யாரும் இல்ல."

பெட்டியைத் திறந்து கடலின் மேல் கவிழ்த்தாள்.

பெட்டியில் ஒன்றுமில்லை.

விரலால் மூலை மூலையாகத் தடவினாள். காகிதம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. அதில் எதுவும் இருந்து நெடுநாள் ஆகியிருந்தது.

அவள் திரும்பி ஏறியபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. மாமியார் படுக்கையில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கை முன்னால் நீண்டு, சின்னப் பிள்ளையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல, வெறும் தரையின் மேல் கவிழ்ந்திருந்தது. இன்சுக் அவளைப் புரட்டினாள். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் கடல் கொட்டியது. குளிர்ந்த, தெளிந்த கடல். அது நிற்காமல் வந்து தரையில் பரவி அவள் முழங்காலை நனைத்தது. படுக்கை விரிப்பு மட்டும் காய்ந்திருந்தது.

முகத்தில் வேதனை இல்லை. அதைத்தான் இன்சுக்கால் தாங்க முடியவில்லை.

"அத்தை, சாப்டியான்னு கேளுங்க" என்று அவள் கன்னத்தைத் தட்டினாள். "ஒரே ஒரு தடவை கேளுங்க." மால்லே வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தும் வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.

பெரியவளையும் மகன் பக்கத்திலேயே சரிவில் வைப்பதென்று முடிவாயிற்று. பாடை சின்னது, நாலு பேரே போதும். முன்னால் நடந்து முறைப்படி ஓலமிட்டு அழ மூத்த மகன்தான் இல்லை. மருமகள் அழலாம், ஆனால் அந்த அழுகை வேறு, இந்த அழுகை வேறு.

"கிச்சோல் இருந்திருந்தா நடந்திருப்பான்" என்றாள் மால்லே மூக்கைச் சிந்திக்கொண்டு. "மூணு வருஷம் அம்மா ரூம்ல காலைலயும் சாயங்காலமும் அழுதிருப்பான். நடுவுல நிறுத்துவான், நீ சோத்தைக் கொண்டு வைக்கணும், அப்புறம் மிச்சத்தை அழுவான். என் மாமனார் செத்தப்ப என் புருஷன் அப்படித்தான். சோத்துக்காகவே நிறுத்துறான்னு எனக்குச் சந்தேகம்."

யாரும் சிரிக்கவில்லை. மால்லேயும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பேசாமல் இருக்கப் பயமாக இருந்தது.

கல் அடுக்கினார்கள். வைக்கோல் வேய்ந்தார்கள். கயிறு கட்டினார்கள். பனி முகத்தில் ஈரத் துணிபோல ஒட்டியது. எல்லோரும் குனிந்து வணங்கிவிட்டு ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்கினார்கள். இன்சுக் கடைசியாக வந்தாள்.

பின்னாலிருந்து அது தொடங்கியது.

ஓர் ஆணின் அழுகை. மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்து, ஒரே நீட்டாக நீட்டி, முடிவில் மூன்று முறை உடைத்து, மறுபடி தொடங்கும் அழுகை. மூத்த மகன் தாய்க்கு அழும் முறை. ஒரு பிசகும் இல்லை. நீட்டலில் மட்டும் வடக்குக்காரர்களின் இழுப்பு இருந்தது. ஒவ்வொரு மூச்சின் தொடக்கத்திலும் ஈரமான எதையோ விலக்கும் சத்தம் இருந்தது.

"திரும்பிப் பாக்காத" என்று மால்லே அவள் மணிக்கட்டை இறுக்கினாள்.

டோக்மான் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். அவன் உதடு வெளுத்திருந்தது. "யாரோ முறையா அழுறான்" என்றான்.

அழுகை முடியும் வரை யாரும் நகரவில்லை. முடிந்ததும் வைக்கோலைக் கையால் நீவிச் சரிசெய்வதுபோல ஒரு சரசரப்பு. பிறகு கடல் மட்டும்.

மால்லே தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். இன்சுக் தலையாட்டிக்கொண்டே போய், தன் வீட்டு அடுக்களையில் அடுப்போரமாகச் சுருண்டுகொண்டாள். உள்ளறைக் கதவை வெளியிலிருந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். பனி விலகினால் முதல் படகில் வாண்டோவுக்குப் போய்விடலாம். அங்கே யார் இருக்கிறார்கள்? கிச்சோலின் எலும்பு காய்வதற்கு இன்னும் எத்தனை மழை வேண்டும்? எண்ணிக்கொண்டே அசந்துபோனாள்.

விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சத்தில் கண் திறந்தபோது, உள்ளறைக்குள் அழுகை கேட்டது.

நேற்றைய அதே நீட்டல். மூடிய வாசலுக்குள், செத்தவளின் படுக்கைக்கு நேராக, ஒரு மகன் தாய்க்குச் செலுத்தும் காலை அழுகை. அதில் கோபமில்லை. மிரட்டல் இல்லை. அதில் இருந்த துக்கம் அவ்வளவு உண்மையாக இருந்தது. அதைக் கேட்டு இன்சுக்கின் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவள் நாக்கில் பட்டபோது அது வழக்கத்தைவிட அதிகமாக உப்புக் கரித்தது.

பிறகு நடுவில், சோறு வைக்க வேண்டிய இடத்தில், நின்றது.

உள்ளே யாரோ நகர்ந்து, கதவைப் பார்த்து உட்காரும் சத்தம்.

இன்சுக் கிணற்றுப் பக்கம் பார்த்தாள். கடல் பக்கம் பார்த்தாள். எல்லாத் திக்கிலும் ஒரே வெள்ளை. மூச்சை அடக்கிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயும் அவன் அவசரப்படவில்லை. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒரு நூலாகப் புறப்பட்டு, தரையின் சரிவைப் பார்க்காமல், அடுக்களையை நோக்கி மேலேறி வந்து அவள் காலடியில் நின்றது.

கடைசியில் அவள் எழுந்து, அரிசியைக் களைந்து, அடுப்பை மூட்டினாள்.